எல் வடிவ சோபாவுக்கு ஏற்ற டீப்பாய்: செட்டிநாட்டு வீட்டில் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் புதிதாகக் கட்டப்படும் வீடுகளிலும், பழுதுபார்த்துப் புதுப்பிக்கப்படும் பழைய வீடுகளிலும் எல் வடிவ சோபா இப்போது சாதாரணமாகிவிட்டது. துணியின் நிறம், பஞ்சின் அடர்த்தி, சாய்வின் கோணம் என்று பல கடை ஏறி இறங்கி சோபாவைத் தேர்ந்தெடுப்பவர்கள், டீப்பாயை மட்டும் கிளம்பும் நேரத்தில் "இதையும் சேர்த்துப் பில் போடுங்கள்" என்று வாங்கிவிடுகிறார்கள். நேரான மூன்று இருக்கை சோபாவுக்கு முன்னால் எந்த நீள்சதுர டீப்பாயைப் போட்டாலும் ஓரளவு ஒத்துப்போகும். எல் வடிவத்தில் ஒரே டீப்பாய் இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் எட்ட வேண்டும், இரண்டு பக்கத்து முழங்கால்களுக்கும் வழி விட வேண்டும், மூலையில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து வெளியே வரவும் இடம் தர வேண்டும். ஆகையால் கண்ணுக்கு அழகாக இருக்கிறதா என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைத்து, சோபா விட்டுவைக்கும் வெறுந்தரை என்ன வடிவத்தில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். டீப்பாயின் வடிவத்தை அந்தத் தரைதான் தீர்மானிக்கிறது.

கடையில் சொல்லும் அளவு வெளி அளவு. அதாவது முதுகுச் சாய்வின் பின்புறத்தில் நாடாவைப் பிடித்து எடுத்த நீளம். டீப்பாய்க்கு வேண்டியது உள் அளவு. எல் வடிவத்தின் ஒரு கை, அதாவது ஒரு பக்கம், 9½ அடி, மறு கை 7 அடி, இருக்கை முன்விளிம்பிலிருந்து பின்புறம் வரை 3 அடி ஆழம் என்று ஒரு சோபாவை எடுத்துக்கொண்டால், இரண்டு கைகளிலிருந்தும் 3 அடியைக் கழித்த பின் உள்ளே மிஞ்சுவது 6½ அடிக்கு 4 அடி, அதாவது 78 அங்குலத்துக்கு 48 அங்குலம். வெளியில் பார்க்கும்போது மிகப் பெரியதாகத் தெரியும் சோபாவுக்குள் இவ்வளவுதான் இடம் என்பது பலருக்கு வியப்பாகவே இருக்கும்.

இந்த உள் தரையிலிருந்து கால் வைக்கும் இடைவெளியைக் கழிக்க வேண்டும். இருக்கை விளிம்புக்கும் டீப்பாய் விளிம்புக்கும் நடுவே 14 முதல் 18 அங்குலம் வரை விடுவது வழக்கம். அதற்குக் குறைந்தால் உட்கார்ந்து எழும்போது முழங்கால் இடிக்கும். அதற்கு மிஞ்சினால் காபி டம்ளரை வைக்க ஒவ்வொரு முறையும் இருக்கையின் நுனிக்கு நகர்ந்து வர வேண்டியிருக்கும். 16 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான வீடுகளுக்குச் சரியாக இருக்கும். ஆத்தங்குடிக் கல், அதாவது கையால் வார்த்த வண்ணச் சிமெண்ட் தரைக்கல், பதித்த தரையாக இருந்தால் இதற்கு நாடாகூட வேண்டியதில்லை: 8 அங்குலக் கல் என்றால் இரண்டு கல், 10 அங்குலக் கல் என்றால் ஒன்றரைக் கல்லுக்குச் சற்று மேல். ஆனால் உங்கள் வீட்டுக் கல் எத்தனை அங்குலம் என்று ஒன்றை அளந்து தெரிந்துகொண்ட பிறகே எண்ணத் தொடங்க வேண்டும். 8, 10, 12 அங்குலம் என்று பல அளவுகளில் அந்தக் கல் செய்யப்படுகிறது.

மேலே சொன்ன சோபாவில் இரண்டு பக்கமும் 16 அங்குலம் கழித்தால் 62 அங்குலத்துக்கு 32 அங்குலம் மிஞ்சும். டீப்பாயின் நீளம், நீண்ட கையின் உள் அளவில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை இருந்தால் அளவு பொருந்தும். 78 அங்குலத்தில் அது 39 முதல் 52 வரை. அகலம் 32 அங்குலத்துக்குள் நின்றுவிட்டால் சிறிய கையின் முனையைத் தாண்டி டீப்பாய் நடைபாதைக்குள் நீளாது. எனவே ஏறத்தாழ 44 அங்குலத்துக்கு 30 அங்குலம் என்ற நீள்சதுரம் இந்தச் சோபாவுக்குப் பொருந்தும். ஒரு கை நீளமாகவும் மறு கை குட்டையாகவும் உள்ள சோபாக்களுக்கு நீள்சதுரம்தான் முதல் தேர்வு என்பதற்கு இந்தக் கணக்கே காரணம். உள் தரையே நீள்சதுரமாக இருக்கும்போது வேறு வடிவத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இரண்டு கைகளும் சம நீளமாக உள்ள சோபாவில்தான் யோசிக்க நிறைய இருக்கிறது. வெளி அளவு இரண்டு பக்கமும் 8½ அடி, ஆழம் 3 அடி என்றால் உள்ளே 66 அங்குலத்துக்கு 66 அங்குலம் என்று சரியான சதுரத் தரை கிடைக்கும். இதற்கு வட்ட டீப்பாய் போடுங்கள் என்றே பெரும்பாலான கடைக்காரர்கள் சொல்வார்கள். முனை இல்லை, குழந்தைகள் மோதிக்கொள்ள மாட்டார்கள், எந்தப் பக்கமிருந்தும் புகுந்து வரலாம் என்று அவர்கள் சொல்லும் காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் மூலை இருக்கையில் உட்காருபவரை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. 36 அங்குல விட்டமுள்ள வட்டத்தை இரண்டு கைகளிலிருந்தும் 16 அங்குலம் தள்ளி வைத்தால், சோபாவின் உள் மூலையிலிருந்து அந்த வட்டத்தின் விளிம்பு 30 அங்குலம் தள்ளிப் போய்விடும். அதே இடத்தில் 36 அங்குலச் சதுரத்தை வைத்தால் அதன் முனை மூலையிலிருந்து 23 அங்குலத்துக்குள் நிற்கும். கைகளின் நடுவில் இருப்பவர்களுக்கு இரண்டும் ஒரே தூரம்தான். மூலையில் இருப்பவருக்கு மட்டும் 7 அங்குல வித்தியாசம். தட்டில் தேன்குழலும் மாவுருண்டையும் வைத்து நடுவில் கொடுத்தால், மூலையில் இருப்பவருக்கு வேறு யாராவது எடுத்துக் கொடுக்கத்தான் வேண்டும்.

பல வீடுகளில் அந்த மூலை இருக்கைதான் வீட்டுப் பெரியவரின் இடம். இரண்டு பக்கமும் சாய்மானம், எல்லோருடைய முகமும் தெரியும், வாசலையும் பார்க்கலாம். அப்படிப்பட்ட வீட்டில் என்னுடைய பரிந்துரை சதுரம். அதுவும் நான்கு முனைகளையும் நன்றாக உருட்டிவிட்ட சதுரம். முனையை 4 அங்குல ஆரத்தில் வளைத்தால் மூலை இருக்கையிலிருந்து தூரம் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல்தான் கூடுகிறது. வட்டத்தின் பாதுகாப்பில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. முற்றத்தைச் சுற்றி ஓடி விளையாடும் பிள்ளைகள் உள்ள வீட்டில், கூர்முனையுள்ள சதுரத்தை நான் எந்த நிலையிலும் சொல்ல மாட்டேன். ஓடப் பழகும் குழந்தை தடுமாறி விழுந்தால் நெற்றி போய் இடிப்பது டீப்பாயின் முனையில்தான்.

மூலை இருக்கையில் பொதுவாக யாரும் உட்காருவதில்லை, அங்கே தலையணைகள்தான் கிடக்கின்றன என்றால் வட்டத்தையே போடலாம். மூன்று பேருக்கு மேல் உட்காராத சிறிய ஹாலுக்கும், சோபாவின் திறந்த பக்கம் நடைவழியாக இருக்கும் வீட்டுக்கும் அதுதான் நல்லது. விட்டம் 36 முதல் 40 அங்குலம் வரை போதும். 48 அங்குல வட்டம் கடையில் கம்பீரமாகத் தெரியும். வீட்டில் அதன் நடுவில் வைத்த பொருளை எடுக்க ஒரு கையை டீப்பாய் மேல் ஊன்ற வேண்டியிருக்கும்.

லவுஞ்சர் வைத்த சோபா, அதாவது ஒரு முனை இருக்கை மட்டும் கால் நீட்ட முன்னால் நீண்டிருக்கும் சோபா, பார்வைக்கு எல் வடிவமாக இருந்தாலும் நடைமுறையில் நேரான சோபாவாகவே நடந்துகொள்கிறது. அதன் நீட்டத்தில் ஒருவர் காலை நீட்டிச் சாய்ந்திருப்பாரே தவிர, காலைத் தொங்கவிட்டு டீப்பாயைப் பார்த்து உட்காருவது குறைவு. லவுஞ்சரின் பக்கம் 10 அல்லது 12 அங்குலம் விட்டால் போதும் என்பதால் டீப்பாயை அந்தப் பக்கம் சற்று நெருக்கி வைக்கலாம். ஆனால் லவுஞ்சர் இருக்கை விளிம்பிலிருந்து முன்னால் நீள்வது பெரும்பாலும் 2 அடி அல்லது அதற்குச் சற்று மேல்தான். அதில் 16 அங்குலம் கால் இடைவெளிக்குப் போனால் மிஞ்சுவது மிகக் குறைவு. ஆகவே எந்த டீப்பாயைப் போட்டாலும் அதன் முன்பகுதி லவுஞ்சரின் முனையைத் தாண்டி வெளியே நிற்கும். வெளியே நிற்கும் அந்த முனையைச் சுற்றித்தான் எல்லோரும் உள்ளே வந்து உட்காருகிறார்கள். இங்கே நீள்வட்டம் தன் மதிப்பைக் காட்டுகிறது: 44 அங்குல நீளம், 24 அங்குல அகலமுள்ள நீள்வட்ட டீப்பாயில் வரிசையாக நான்கு பேருக்குக் காபி வைக்கலாம், முழங்காலில் இடிக்க முனையும் இருக்காது. நீள்வட்டம் கிடைக்காவிட்டால் 24 அங்குலத்துக்கு மேல் அகலமில்லாத நீள்சதுரத்தை வாங்கி, வெளிப்பக்கத்து இரண்டு முனைகளையாவது வளைத்துவிடச் சொல்ல வேண்டும்.

மூன்று பக்கமும் இருக்கை உள்ள யு வடிவ சோபாவை வாங்கும் முன் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்ப்பது நல்லது. 10 அடி அகலமுள்ள யு சோபாவில் இரண்டு பக்கக் கைகளும் சேர்ந்து 6 அடியை எடுத்துக்கொண்டால் உள்ளே 48 அங்குலம்தான் மிஞ்சும். இரண்டு பக்கமும் 16 அங்குலம் விட்டால் டீப்பாய்க்குக் கிடைப்பது 16 அங்குலம், அதாவது ஒரு முக்காலிக்கான இடம். அந்த இடத்தில் 24 அங்குல வட்டப் பஃபி (பஞ்சு வைத்த மெத்தை முக்காலி) ஒன்றைப் போட்டு, மேலே ஒரு மரத் தட்டை வைத்துக்கொள்வதே சாத்தியம். இடைவெளி 12 அங்குலமாகச் சுருங்கினாலும் பஃபியில் கால் இடித்தால் வலிக்காது. 12 அடி அகலம் இருந்தால்தான் 36 முதல் 40 அங்குலம் வரை உள்ள டீப்பாயைப் பற்றிப் பேசவே முடியும்.

இதுவரை சொன்னது எந்த ஊர் வீட்டுக்கும் பொருந்தும். செட்டிநாட்டு வீட்டில் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. அவற்றில் முதலாவது தரை. ஆத்தங்குடிக் கல் தரையில் நடுப்பகுதிக்கு ஒரு கோலமும், அதைச் சுற்றிச் சுவரோரமாக வேறொரு கரையும் ஓடும். நான்கு கல் சேர்ந்து ஒரு பூவாகும். பூக்களுக்கு நடுவே நேர்கோடுகள் ஹாலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போகும். இந்தத் தரையில் நீள்சதுர டீப்பாய் கால் அங்குலம் கோணலாக நின்றாலும் தெரிந்துவிடும். டீப்பாயின் விளிம்பு ஒரு முனையில் கல்லின் மூட்டைத் தொட்டுக்கொண்டும், மறுமுனையில் மூட்டை விட்டு விலகி அடுத்த பூவின் இதழைப் பாதியாக வெட்டிக்கொண்டும் நிற்பது, உட்கார்ந்திருப்பவரின் கண்ணில் திரும்பத் திரும்பப் படும். தரை துடைக்கும்போதெல்லாம் டீப்பாய் நகரும் வீட்டில் ஒவ்வொரு நாளும் அதை நேராக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வட்டத்துக்கும் நீள்வட்டத்துக்கும் இந்தத் தொல்லை கிடையாது; எப்படித் திருப்பி வைத்தாலும் அவை கோட்டோடு சண்டை போடுவதில்லை.

அதனால் கட்டம் கட்டமாக, அழுத்தமான நிறங்களில் கோலம் உள்ள தரைக்கு வளைந்த வடிவமும், ஒரே நிறத்தில் வழவழப்பாக உள்ள தரைக்கும் சலவைக்கல் தரைக்கும் நேர்விளிம்பு வடிவமும் எடுபடும் என்பது என் கணிப்பு. கோலத் தரையில் சதுரம்தான் வேண்டும் என்றால் அதன் அளவைக் கல்லின் மடங்கில் வைத்துவிடுங்கள்: 8 அங்குலக் கல் உள்ள தரைக்கு 32 அல்லது 40 அங்குலம், 10 அங்குலக் கல்லுக்கு 30 அல்லது 40 அங்குலம், 12 அங்குலக் கல்லுக்கு 36 அங்குலம். அப்போது நான்கு விளிம்புகளும் கல்லின் மூட்டுகளுக்கு நேராக நிற்கும். நகர்ந்தாலும் பழைய இடத்தில் வைக்க வேறு அடையாளம் தேவைப்படாது. தரையின் நடுவில் பெரிய பூ ஒன்று அமைந்து, அதன் மேலேயே டீப்பாய் வர வேண்டிய நிலை இருந்தால் கண்ணாடி மேல்பலகையைப் பற்றி யோசிக்கலாம். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, கையால் ஒவ்வொன்றாக வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுத்த கல்லை வீட்டில் பதித்துவிட்டு, அதன் நடுப்பூவை மைக்கா ஒட்டிய பலகையால் மூடிவிடுவது நியாயமில்லை.

அடுத்தது வழி. பழைய வீடுகளில் தலைவாசல் நிலையிலிருந்து முகப்பு, வளவு (முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் உள்ள பகுதி), அதற்குப் பின்னால் உள்ள கட்டுகள் என்று எல்லாம் ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கும். முன்வாசலில் நின்றால் பின்வாசல் வரை பார்வை போகும். சோபா அந்தக் கோட்டுக்கு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தாலும், டீப்பாயின் முனை அந்தக் கோட்டுக்குள் நீண்டுவிடக்கூடும். ஆட்கள் நடக்கும் பாதைக்கு 30 அங்குலமாவது விட வேண்டும் என்பது பொதுக்கணக்கு. தாம்பாளம் ஏந்திக்கொண்டு இருவர் எதிரெதிரே வரும் விசேஷ வீட்டில் 4 அடி விட்டாலும் அதிகமில்லை. முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் சோபா போடுகிறவர்களுக்குத் தூண்களும் கணக்கில் வரும். டீப்பாயின் விளிம்புக்கும் தூணின் அடிக்கல்லுக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் திரும்பாமல் நடந்து போக முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் டீப்பாயின் அகலத்தைக் குறைப்பதை விட, வட்டத்துக்கு மாறுவதே எளிது. தூணும் உருண்டை, டீப்பாயும் உருண்டை என்றால் குறுகலான இடம் ஒரு புள்ளியோடு முடிந்துவிடும். ஊஞ்சல் தொங்கும் ஹாலில், ஊஞ்சல் ஆடும் தூரத்துக்கு வெளியேதான் டீப்பாய் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் வெறுமனே நிற்கும் ஊஞ்சலைப் பார்த்து அளவெடுப்பவர்கள் உண்டு என்பதால் சொல்லிவைக்கிறேன்.

மூன்றாவது, கூட்டம். ஆண்டில் பல மாதங்கள் இருவர் மட்டும் வசிக்கும் வீட்டில், அல்லது பூட்டியே கிடக்கும் வீட்டில், திருமணம், சாந்தி (அறுபது, எண்பது வயது நிறைவு விழா), படைப்பு (முன்னோருக்கான வழிபாடு) என்று வந்தால் ஒரே நாளில் பங்காளிகள் எல்லோரும் கூடிவிடுவார்கள். அன்றைக்கு ஹாலில் பாய்களையும் ஜமக்காளத்தையும் விரிக்க வேண்டும். டீப்பாய் வெளியேற வேண்டும். இப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரே பெரிய டீப்பாயை விட இரண்டு சிறிய டீப்பாய்கள் உதவும். 20 அங்குலச் சதுரம் இரண்டைச் சேர்த்து வைத்தால் 40 அங்குலத்துக்கு 20 அங்குல நீள்சதுரம். பிரித்து வைத்தால் சோபாவின் இரண்டு கைகளுக்கும் ஆளுக்கொன்று. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் வட்ட டீப்பாய்களில் பெரியது 28 அங்குலமும் சிறியது 20 அங்குலமுமாக இருந்தால், சிறியதை வெளியே எடுத்து மூலை இருக்கையின் பக்கம் நகர்த்திக்கொள்ளலாம். வட்டத்தில் மூலைக்கு எட்டாது என்று முன்பு சொன்ன குறைக்கும் அது ஒரு வழி. பூட்டிக் கிடக்கும் வீட்டில் மட்டமான பிளைவுட்டும் மரத்தூள் பலகையும் கரையானுக்கும் ஈரத்துக்கும் முதலில் இரையாகும் என்பதால், சிறியதாக இருந்தாலும் தேக்கில் செய்துகொள்வது நல்லது.

உயரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டீப்பாயின் மேல்பலகை சோபா இருக்கையின் உயரத்துக்குச் சமமாகவோ, ஓரிரு அங்குலம் தாழ்வாகவோ இருக்க வேண்டும்; உயர்ந்திருக்கக் கூடாது. பெரும்பாலான சோபாக்களுக்கு 16 முதல் 18 அங்குலம் என்று அது வந்து நிற்கும். இருக்கையில் ஆள் உட்கார்ந்து பஞ்சு அமுங்கிய நிலையில் அளக்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

கால்களின் அமைப்பு வடிவத்தோடு சேர்ந்தது. வட்ட டீப்பாய்களில் நடுவில் ஒற்றைக் கால் வைத்துச் செய்வது இப்போது பெருகியிருக்கிறது. கால் நீட்ட வசதி என்பது சரி. ஆனால் மூட்டுவலி உள்ள ஆச்சி ஒருவர் டீப்பாயின் விளிம்பில் கையை ஊன்றி எழுந்தால், எதிர்ப்பக்கம் தூக்கிக்கொண்டு வந்துவிடும். பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒற்றைக் கால் வேண்டுமென்றால், தரையில் படும் அடிப்பாகத்தின் அகலம் மேல்பலகையின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்கட்டும், அடிப்பாகம் கனமாகவும் இருக்கட்டும். நான்கு கால் வைத்த டீப்பாய் என்றால் கால்கள் மேல்பலகையின் விளிம்பிலிருந்து வெளியே பரவி நிற்கக் கூடாது. கால் விரல்கள் இடித்துக்கொள்வது அங்கேதான். இரும்புக் கால் எதுவானாலும் அடியில் ஃபெல்ட் துண்டு ஒட்டாமல் ஆத்தங்குடிக் கல்லின் மேல் நிறுத்தாதீர்கள். ஈரத் துணியால் துடைக்கத் துடைக்க இரும்பின் துரு கல்லில் இறங்கும்; சிமெண்டில் இறங்கிய துருக்கறையைப் போக்குவது கடினம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய மரச்சாமான் கடைகளைப் பார்த்தவர்களுக்கு, அங்கே கிடைக்கும் பழைய கதவையோ சன்னல் கதவையோ டீப்பாயாக்கும் ஆசை வராமல் போகாது. எல் வடிவ சோபாவுக்கு இதில் எச்சரிக்கை தேவை. ஒற்றைக் கதவுப் பலகை ஒல்லியாகவும் நீளமாகவும் இருக்கும். 6 அடி நீளப் பலகையை அப்படியே கிடத்தினால், நாம் கணக்கிட்ட 39 முதல் 52 அங்குலத்தைத் தாண்டி சோபாவின் திறந்த வாயை அடைத்துவிடும். நீளத்தை வெட்டலாமே என்றால், செதுக்கு வேலைப்பாடு உள்ள பர்மா தேக்கை வெட்ட மனமும் வராது, வெட்டவும் கூடாது. சன்னல் கதவுகள் இதற்குப் பொருத்தமானவை. இரண்டைப் பக்கத்தில் பக்கமாக வைத்தால் நீள்சதுர அளவு இயல்பாகவே அமையும். செதுக்கு உள்ள பலகையின் மேல் டம்ளர் நிற்காது, பள்ளங்களில் பலகாரத் தூள் போய் அடையும் என்பதால் மேலே கண்ணாடி போட வேண்டியிருக்கும். 10 மில்லிமீட்டர் டஃபன்ட் கண்ணாடியாக (சூடாக்கிக் கடினமாக்கிய கண்ணாடி) வாங்கி, அதன் முனைகளையும் வளைத்துத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். டஃபன்ட் ஆக்கிய பிறகு அந்தக் கண்ணாடியை வெட்டவோ தேய்க்கவோ முடியாது, ஆகையால் அளவும் முனையும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். பழைய மரப்பெட்டியை டீப்பாயாக வைப்பவர்கள், அதற்கு அடியில் கால் நீட்ட இடமிருக்காது என்பதால் இடைவெளியை 18 அங்குலமாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். மேலே சாமான் இருக்கும்போது பெட்டியைத் திறக்க முடியாது என்பது வாங்கும் நாளில் யாருக்கும் தோன்றுவதில்லை.

வீடு கட்டி மிஞ்சிய ஆத்தங்குடிக் கல்லை மேல்பலகையில் பதித்து டீப்பாய் செய்வதும் உண்டு. 10 அங்குலக் கல் ஒன்பது சேர்ந்தால் 30 அங்குலச் சதுரம். பன்னிரண்டு சேர்ந்தால் 40 அங்குலத்துக்கு 30 அங்குல நீள்சதுரம். சட்டத்துக்கு ஓரிரு அங்குலம் கூடும். நம் எடுத்துக்காட்டுச் சோபாவுக்கு இந்த இரண்டாவது அளவு கிட்டத்தட்ட அளந்து வைத்ததைப் போலப் பொருந்துகிறது. ஆனால் இது தனி ஆளால் நகர்த்த முடியாத கனம் என்பதை மனத்தில் வைத்து இடத்தை நிரந்தரமாகத் தீர்மானித்துவிட வேண்டும். எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் சிமெண்ட் பரப்பை அரிக்கும். விருந்தாளி வந்தால் முதலில் எலுமிச்சை ஜூஸ் கொடுக்கும் பழக்கமுள்ள வீட்டில் டம்ளருக்கு அடியில் தட்டு வைக்க மறக்கக் கூடாது. தரையிலும் அதே கோலம், டீப்பாயிலும் அதே கோலம் என்றால் டீப்பாய் தரையோடு கலந்து காணாமல் போய்விடும்; கோலக் கல் தரைக்கு ஒரே நிறக் கல் பதித்த டீப்பாயும், ஒரே நிறத் தரைக்குக் கோலக் கல் டீப்பாயுமாக மாற்றிப் போடுவது நல்லது.

வடிவத்தையும் அளவையும் இப்படி முடிவு செய்த பிறகு, ஆர்டர் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பழைய செய்தித்தாள்களை ஒட்டி, நினைத்த அளவில் வெட்டி, சோபாவின் முன்னால் தரையில் விரித்து நான்கு ஓரமும் டேப் போட்டுவிடுங்கள். வட்டம் வெட்ட, ஒரு நூலின் ஒரு முனையைத் தாளின் நடுவில் பிடித்துக்கொண்டு மறுமுனையில் பென்சிலைக் கட்டிச் சுற்றினால் போதும். தாள் தரையோடு தரையாகக் கிடப்பதால் ஆட்கள் அதன்மேல் மிதித்துப் போய்விடுவார்கள். அதைத் தடுக்க முனைகளில் ஒவ்வோர் அட்டைப்பெட்டியை டீப்பாய் உயரத்துக்கு வைத்துவிட்டால் உண்மையான தடங்கல் எங்கே வருகிறது என்று தெரியும். ஓரிரு நாள் அப்படியே விட்டுவைத்து, யார் எந்தப் பெட்டியில் இடிக்கிறார்கள், மூலையில் இருப்பவர் கை நீட்டினால் தாளின் விளிம்பு எட்டுகிறதா, காலையில் தரை துடைக்க வரும் அம்மாவுக்கு எந்தப் பக்கம் சிரமமாக இருக்கிறது என்று கவனியுங்கள். எல்லோரும் ஒரே பெட்டியில் இடித்தால் அந்த முனையை வளைக்க வேண்டும். இரண்டு பெட்டியிலும் இடித்தால் அளவையே குறைக்க வேண்டும்.

ஆசாரியிடம் போகும்போது அந்தத் தாளையே மடித்து எடுத்துச் செல்லலாம். வாயால் "நாலுக்கு ரெண்டரை" என்று சொன்னால், மேல்பலகையின் அளவா, கால்சட்டத்தின் அளவா என்ற குழப்பம் வரும். மேல்பலகை சட்டத்தை விட ஒவ்வொரு பக்கமும் ஓரிரு அங்குலம் வெளியே நீள்வது வழக்கம் என்பதால் தாளில் உள்ளது மேல்பலகையின் வெளி விளிம்பு என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள். முனையின் வளைவைச் "சும்மா கொஞ்சம் உருட்டிவிடுங்கள்" என்று சொல்லாமல், ஒரு தட்டையோ தாம்பாளத்தையோ தாளின் முனையில் கவிழ்த்து வளைவை வரைந்து காட்டுங்கள். 8 அங்குல விட்டமுள்ள தட்டு 4 அங்குல ஆரத்தைத் தரும். மேல்பலகையின் கீழ்விளிம்பையும் மழுக்கச் சொல்ல வேண்டும். முழங்கால் படுவது கீழ்விளிம்பில்தான். ஆனால் மேல்விளிம்பை மட்டும் இழைத்துவிட்டுக் கீழே கூராக விட்டுவிடுவது பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிறது. முன்பணம் கொடுக்கும் முன், வீட்டில் சோபா வந்து இறங்கிவிட்டதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். கடையில் பார்த்த மாதிரிக்கும் வீட்டுக்கு வரும் சோபாவுக்கும் இருக்கையின் ஆழத்தில் இரண்டு அங்குலம் வித்தியாசம் வந்தாலே மேலே போட்ட கணக்கு முழுவதையும் மறுபடியும் போட வேண்டியிருக்கும்.